பலகையின் இடப்பக்கம்

எங்கள் மாதா கோயில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. நடுவில் வெள்ளைக் கோடு. இடப்பக்கம் உயிரோடிருப்பவர்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளும் கருத்துகள்: சுகப்பிரசவம், கப்பல் வேலை, பரீட்சை. வலப்பக்கம் இறந்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்கான வேண்டுதல்கள். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறதென்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் எழுதி வைப்பதை ஊரே நின்று வாசித்துவிட்டுத்தான் பூசைக்குள் போகும். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதற்கு எங்கள் ஊரில் அந்தக் கோடுதான் சாட்சி.

எதிர்வீட்டுக்காரியின் புருஷன் தனியாகப் படகெடுத்துப் போனவன் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வாராவாரம் அவள் வந்து நிற்பாள். 'நலமாய்த் திரும்பி வர' என்று அவன் பெயரை இடப்பக்கம் எழுதுவேன். எழுதி முடிக்கும்வரை நகரமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவனுடைய தம்பி வந்தான்.

"எக்கா, அண்ணன் பேர இனி அந்தப் பக்கம் எழுதுங்க. முப்பதாம் நாள் பூசகூட வைக்கலியேன்னு எல்லாரும் கேக்காவ."

"ஒங்க அண்ணன் செத்தத நீ பாத்தியால?"

"எத்தன வாரம் இப்பிடியே எழுதுவிய?"

"சாக்பீஸ் தீருத வரைக்கும்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். மறுநாள் காலை பார்த்தால் பெயர் வலப்பக்கம் போயிருந்தது, அவன் கையெழுத்தில். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதல் மணி அடித்தாகிவிட்டது. அவள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். முந்தானையாலேயே துடைத்துவிட்டு இடப்பக்கம் எழுதினேன். கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் பார்த்தும் பாராததுபோல் உள்ளே போய்விட்டார். பூசை முழுக்கத் தம்பிக்காரன் என்னையே முறைத்தான். ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கைகலப்பாகியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நான் இடப்பக்கம் எழுதி முடித்த பிறகும் அவள் போகவில்லை.

"எக்கா, இந்த வாரம் அந்தப் பக்கமும் எழுதுங்க."

"ஏளா, ஒங்கொழுந்தன் மிரட்டுனானா?"

"இல்லக்கா. உசுரோட இருந்தா அந்தப் பூச அவுகள ஒண்ணும் செய்யாது. இல்லாமப் போயிருந்தா, நமக்கு ஒரு பூச வைக்க நாதியில்லன்னு அங்கன தவிச்சிக்கிட்டுல்லா கெடப்பாக."

ஊரோடு சண்டைக்கு நின்ற எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. அழுதுவிட்டேன். அவளே சாக்பீஸை வாங்கி வலப்பக்கம் எழுதினாள். இடப்பக்கத்தை அழிக்கவில்லை.

ஞாயிறு காலை நான் போனபோது தம்பிக்காரன் பலகைக்கு முன்னால் நின்றான். கையில் அழிப்பான். நான் படியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தான். பனியில் இடப்பக்கத்துப் பெயர் மங்கியிருந்தது. அழிப்பானைக் கீழே வைத்தான். சாக்பீஸை எடுத்து, அந்தப் பெயரின் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினான்.