கேட்கிற ஓம், சம்மதிக்கிற ஓம்

“காலை ஒன்பது மணிக்கு மரத்தடியில் தொடங்கியது. தலைவன், அவனுடைய ஆட்கள், மொழிபெயர்ப்பாளன். பேச்சு சுலபமாக முடிந்தது. தலைவன் எல்லாவற்றுக்கும் ஆம் என்றான்.”

கிழக்கு ஆபிரிக்காவின் உட்பகுதியில் எல்லைப்புற நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த ஜேர்மன் அதிகாரி தன் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிய வரிகள் இவை. யூன் மாதம், செவ்வாய்க்கிழமை. வருடத்தின் கடைசி இலக்கத்தை மை தின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருடங்களுக்குள் என்பது மட்டும் நிச்சயம். ‘அவன்’ என்று நான் எழுதியிருப்பது மூலத்தின் தொனிக்காக. அதில் மரியாதை எதுவும் இல்லை.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வரியாவது எழுதி வருகிறேன். ஆனாலும் ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய திகதிகளையும், அந்த ஆபிரிக்க இனத்தின் பெயரையும் இங்கே விட்டுவிட்டேன். அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போகும் நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1. பெட்டி

ஹம் நகரிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் களஞ்சிய அறையில் இருபத்தொரு வருடம் வேலை செய்தேன். பெட்டி தூக்குவது, இலக்கம் ஒட்டுவது, ஈரப்பதம் பார்த்து எழுதுவது. பாதிப் பெட்டிகளின் மேல் பழைய ஜேர்மன் கையெழுத்து. அதை வாசிக்காமல் எந்தப் பெட்டியை இறக்குவது? இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பூட்டன்மாரின் கடிதங்களை வாசிக்க வந்தவர்கள். “உங்கள் பூட்டன் எந்தப் படைப்பிரிவு?” என்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்.

ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கையெழுத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ரம்யா. பொருட்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று ஆராய்பவர், முனைவர், இங்கே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர்தான் எனக்கு மேலதிகாரி. நான் ‘டொக்டர்’ என்பேன், அவர் ‘அங்கிள்’ என்பார்.

“அங்கிள், அடுத்த வியாழன் ஒராள் வாறார். சந்திக்க டெர்மின் குடுத்திட்டன். அதுக்குள்ளை இந்த அதிகாரியின்ரை அறிக்கைப் புத்தகம் முழுக்க வாசிச்சுத் தருவியளோ?”

“எத்தினை பக்கம், டொக்டர்?”

“இருநூறு. ஏலாதெண்டு சொல்லாதேங்கோ.”

வாசித்துக் கொடுத்தேன். யூன் மாதச் செவ்வாய்க்கிழமையின் கதை சுருக்கமாக இது. அந்த இனத்தின் தலைவருக்கு ஒரு தம்பி. நிலையத்துக்குச் சுமை தூக்க ஆள் தரத் தம்பி மறுத்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் முன்பே வாய்க்கால் தகராறு ஒன்று இருந்ததை அதிகாரி அறிந்து வைத்திருந்தார். அண்ணனை மரத்தடிக்கு அழைத்து, தம்பியைக் கையளிக்கச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று பதிந்தார். வெள்ளிக்கிழமை தம்பியை அதே மரத்தில் தூக்கிலிட்டார்கள். சனிக்கிழமை அண்ணனுக்கு ஒரு சிவப்புத் தொப்பியும் நியமனக் கடிதமும் கொடுத்தார்கள்.

பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. முன்பு அருங்காட்சியகப் பட்டியல் தயாரித்தவர் அவற்றுக்கு நேரே “மாடுகளின் எண்ணிக்கை?” என்று குறித்திருந்தார். நானும் அதை அப்படியே பிரதி செய்தேன்.

2. வியாழக்கிழமை

வந்தவரின் பெயர் எலியாஸ். எர்லாங்கனில் பொறியியலாளர், நல்ல ஜேர்மன் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மறுபடியும் மொழிபெயர்ப்பாளன் ஆகிறேன் என்பது எழுதும்போதே உறுத்துகிறது.

“அந்த அண்ணனின் வழி நாங்கள். தம்பியின் வழியினர்தான் இன்று மலைமுகட்டை வைத்திருக்கிறார்கள். எங்கள் முன்னோர் எல்லோரும் புதைக்கப்பட்ட இடம் அது. சகோதரனை விற்றவனின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்பது அவர்கள் பேச்சு. என் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. படுக்கையில் இருக்கிறார். முகட்டில் படுக்க வேண்டும் என்கிறார். அவர்களின் பெரியவர்கள், வெள்ளைக்காரனின் கடதாசியைக் கொண்டு வா, பார்க்கலாம் என்கிறார்கள்.”

ரம்யா என் பிரதியை அவர் முன் வைத்தார். எலியாஸ் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். மரத்தடியில் அதிகாரி பேசிய பேச்சு, மொழிபெயர்ப்பாளனுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னபடியே துண்டு துண்டாகப் பதியப்பட்டிருந்தது. அவரும் ஒவ்வொரு துண்டிலும் நிறுத்தினார். நான் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரம்யா திடீரென்று சிரித்தார். “அங்கிள், அவர் மூச்சு விடேக்கையெல்லாம் ஓம் ஓமெண்டு சொல்லுறியள். அவருக்கு என்ன விளங்கும்?”

“ஐயோ, அது வாய்ப்பழக்கம், டொக்டர்.”

“அம்மாவும் ஃபோனிலை இப்பிடித்தான். ஒருக்கா ஒருத்தன் இன்டர்நெட் விக்கக் கூப்பிட்டுக் கதைச்சவன். அம்மா ஓம், ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தா. ரெண்டு வருஷ ஒப்பந்தம் வீட்டை வந்து நிண்டது.”

ஏன் சிரிக்கிறீர்கள் என்று எலியாஸ் கேட்டார். ரம்யா ஜேர்மனில் விளக்கினார். எலியாஸும் சிரித்தார். “என் அப்பாவும் அப்படித்தான். பெரியவர் பேசும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் ‘ஏ’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேசுபவர் நிறுத்திவிடுவார். அவமதிப்பு.”

“‘ஏ’ என்றால் என்ன?” என்று கேட்டேன்.

“ஆம்” என்றார். “கேட்கிறேன் என்பதும் அதுதான்.”

நான் எழுந்து மூலப் புத்தகத்தை விரித்தேன். கோடுகளை எண்ணினேன். பேச்சின் துண்டுகளை எண்ணினேன். துண்டுகள் பதினேழு, அவற்றுக்கு நேரே கோடுகள் பதினேழு. கீழே கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு.

அவை மாடுகள் அல்ல. தலைவர் வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் அதிகாரி ஒரு கோடு போட்டிருக்கிறார். “இந்த வருடம் மழை பிந்திவிட்டது” என்பதற்கு ஒரு கோடு. “நான் தூரத்திலிருந்து வந்திருக்கிறேன்” என்பதற்கு ஒன்று. பன்னிரண்டாவது துண்டு: “உன் தம்பி வராவிட்டால்”. அங்கே வசனமே முடியவில்லை. அதற்கும் ஒரு கோடு.

‘வராவிட்டால்’ என்பதற்கு யார் சம்மதம் சொல்வார்கள்?

அந்த ஒரு துண்டையே நான் திரும்பத் திரும்ப வாசித்ததை ரம்யா பார்த்துவிட்டார். “இருங்கோ அங்கிள், தண்ணி கொண்டுவாறன்” என்று எழுந்து போனார். நான் தலைவரை மட்டும் நினைக்கிறேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

3. சிவராசா அண்ணை

களஞ்சிய வேலைக்கு முன், பகலில் தொழிற்சாலையும் விடுமுறை எடுத்த நாட்களில் விசாரணை மொழிபெயர்ப்புமாக ஆறு வருடம் இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. பிழை என்னுடையது.

சிவராசா அண்ணை என்று ஒருவர். கடை வைத்திருந்தவர். அலுவலர் நீளமான கேள்வி ஒன்று கேட்டார். எனக்கு அதை ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. உடைத்துக் கேட்டேன்.

“அண்ணை, நீங்கள் இயக்கத்துக்கு...”

“ஓம்.”

“சாப்பாட்டுச் சாமான் குடுத்தது...”

“ஓம் ஓம்.”

“உங்கடை சொந்த விருப்பத்திலயோ?”

“ஓம் தம்பி...”

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அலுவலர் பக்கம் திரும்பி, ஆம் என்பதற்கு ஜேர்மனில் “யா” என்றேன். தட்டச்சு ஓடியது. கடைசியில் எல்லாவற்றையும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டினேன். அதற்கும் அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்து வைத்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதத்தில், அவர் தானே ஒப்புக்கொண்டபடி விருப்பத்தோடு உதவினார் என்று இருந்தது.

பஸ் தரிப்பில் என்னைக் கண்டபோது அவர் கோபப்படவில்லை. “தம்பி, நான் ஓமெண்டது நீங்கள் சொல்லுறது விளங்குதெண்டு. துவக்கோடை வந்து நிண்டு கேக்கேக்கை விருப்பமென்ன, விருப்பமில்லாததென்ன?”

“நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்” என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

எலியாஸ் வந்து போனதற்கு அடுத்த சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய குறிப்பேடுகளை இறக்கித் தேடினேன். அந்த நாள் இருந்தது. என் கையெழுத்து, நீல மை:

“9.00 – 10.20 விசாரணை. கடைக்காரர் ஒருவர். சுலபமாக முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.”

அந்த அதிகாரியின் வரியை நான் வாசிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே எழுதியிருந்தேன். மணி கூட ஒன்பது. எல்லைப்புறத்தில் தொப்பி கொடுத்து ஆட்டம் ஆடிய ஒருவனும், இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறிப் போன நானும் ஒரே வரியை எழுதியிருக்கிறோம். அந்த மரத்தடி மொழிபெயர்ப்பாளனின் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. சிவராசா அண்ணையின் பதிவிலும் என் பெயர் இல்லை. ஓர் இலக்கம்தான்.

4. பதினெட்டாவது கோடு

அறிக்கை எழுத மூவரும் மறுபடி கூடினோம். பதினேழு கோடுகளைப் பற்றி எங்களுக்குள் சந்தேகம் இல்லை. பதினெட்டாவதுதான் சிக்கல். அது “அவனைக் கையளிக்கிறாயா?” என்ற கேள்விக்கு நேரே இருந்தது. மற்றவற்றைவிடத் தடிப்பு.

“அங்கிள், தலைவர் சம்மதிக்கேல்லை எண்டே எழுதுவம். கேள்வியையும் துண்டெண்டு நினைச்சு ‘ஏ’ எண்டிருப்பார். எலியாஸின்ரை வயதுபோன அப்பா நிம்மதியாப் படுக்கட்டும்.”

“இருக்கலாம், டொக்டர். ஆனால் அந்த ஒண்டு மெய்யான ஓமாயும் இருக்கலாம். தம்பியோடை வாய்க்கால் சண்டை இருந்தது.”

ரம்யா இதை ஜேர்மனில் சொன்னதும் எலியாஸ் என்னைப் பார்த்தார். “உங்களால் அப்படி எழுத முடியாதா? ஒரே ஒரு சொல்தானே?”

ஒரு நோயாளித் தகப்பனுக்காகக் கேட்கிற மகனிடம் இல்லை என்பது இலகுவல்ல. சிவராசா அண்ணையின் கதையைச் சொன்னேன். “ஒருமுறை தெரியாததை ஆம் ஆக்கினேன். இப்போது தெரியாததை இல்லை ஆக்கச் சொல்கிறீர்கள்” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடைபெறும்போது கை கொடுக்கவில்லை.

அறிக்கை இப்படிப் போனது: பதினேழு கோடுகளும் கேட்கிறேன் என்பதற்கானவை. ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்ற பதிவு பொய். பதினெட்டாவது கோடு எதற்கானது என்று தெரியாது.

ஏழு வாரம் கழித்து எலியாஸ் ரம்யாவுக்குத் தொலைபேசினார். ரம்யா என்னையும் கேட்க வைத்தார். முகட்டுப் பெரியவர்கள் அறிக்கையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்களாம். “முந்திய கடதாசிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இது தெரியாது என்கிறது. இதோடு பேசலாம்” என்றாராம் ஒருவர். அப்பாவைக் கட்டிலோடு அந்தப் பேச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். யாருக்கும் நினைவில்லாத அளவு நீண்ட காலத்துக்குப் பிறகு இரண்டு வழியினரும் ஒன்றாக இருந்து பேசியது அன்றுதான்.

“என்ன முடிவு?” என்றேன்.

“இன்னும் முடிவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு துண்டுக்கும் ‘ஏ’ என்கிறார்” என்றார் எலியாஸ். “யாரும் எண்ணவில்லை.”

5. இளையவர்களுக்கு

மொழிபெயர்க்கப் போகிறவர்கள் தொடங்குமுன் அலுவலரிடம் சொல்லுங்கள்: எங்கள் ஆட்கள் கேட்கும்போதும் ஓம் என்பார்கள். கேள்வியை முழுதாகச் சொல்லுங்கள். ஓம் வந்தால் ஒருமுறை கேளுங்கள்: “அண்ணை, இது கேக்கிற ஓமோ, சம்மதிக்கிற ஓமோ?” அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு சொல்வதை எழுதுங்கள். விசாரணை சுலபமாக முடிந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கோடையில் ஹம் நகரின் ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாவில் சிவராசா அண்ணையைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் விசாரித்தேன். கச்சான் கடலை விற்ற ஒருவர், அவர் கனடாவுக்குப் போய் நன்றாக இருக்கிறார் என்றார். அதே ஊர்க்காரர் இன்னொருவர், அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள், அதற்குப் பிறகு பேச்சில்லை என்றார். இரண்டையும் திகதியிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டில் எதுவும் இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.