ஒன்றரை மீட்டர்

அலுவலகத்தில் அவருக்கு 'ஒன்றரை' என்று பெயர். மலைகளின் உயரத்தைச் செயற்கைக்கோள் வழியாக அளக்கும் சர்வேயர். முக்காலியை விரித்தால் மேலிருக்கும் ஜிபிஎஸ் பெட்டி சரியாக அவர் தாடைக்கு வரும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். பெட்டி காட்டும் உயரத்திலிருந்து அதைக் கழித்தால் தரையின் உயரம். தாடை இருக்க டேப் எதற்கு? இருபது வருஷமாக அந்தத் தாடை பொய் சொன்னதில்லை. மேலதிகாரிகளின் தாடைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மலைச்சரிவில் அவருடைய அண்ணன் வீடு. சுவரில் விரிசல் கண்டதும் அலுவலகம் அவரையே அனுப்பியது. முற்றத்தில் நட்ட அளவுக்கல் போன வருஷத்தைவிட இறங்கியிருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கல்லைச் சுற்றிப் புதர் மண்டியிருந்தது. பெட்டிக்கு வானம் தெரியட்டும் என்று முக்காலியின் கால்களைச் சற்று நீட்டினார். அண்ணன் கைபேசியோடு வந்தார்.

"டேய், பெட்டி உன் மீசைய மறைக்குது. போட்டோவுல யாருடா இதுன்னு கேப்பாங்க."

"மீசைய விடுண்ணே."

"சரி, மூட்டை கட்டணுமா வேணாமா? அத மட்டும் சொல்லு."

தம்பி சிரித்துக்கொண்டே படிவத்தில், தரையிலிருந்து பெட்டியின் உயரம் என்ற இடத்தில் எழுதினார்: 1.50. கைப்பழக்கம்.

கணக்கில் மலை மயிரிழைகூட அசையவில்லை. "நிம்மதியா தூங்குண்ணே" என்றார்.

மழையின் நான்காம் நாள் மதியம் சரிவு இறங்கியது. அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் உண்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். நிம்மதியாக.

விசாரணைக் குழு பெட்டியைச் சோதித்து, பழுதில்லை என்றது. தாடையைச் சோதிக்க விதியில் இடமில்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் அண்ணி தன் கைபேசியை நீட்டினார். "அவரு கடைசியா எனக்கு அனுப்புன போட்டோ. நீங்க வச்சுக்கோங்க தம்பி."

படத்தில் அவருக்கு மீசை இல்லை. அங்கே பெட்டி இருந்தது. தாடையிலிருந்து மீசைக்கு நாலு விரல். பெட்டியை அவர் நாலு விரல் உயர்த்தியிருக்கிறார். மலை நாலு விரல் இறங்கியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் அசைவில்லை.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் இடிபாட்டின்மேல் முக்காலியை நட்டார். டேப்பைப் பிடித்து ஒருமுறை அளந்தார். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. அண்ணி பின்னால் வந்து நின்றது அப்புறம்தான் தெரிந்தது.

"இப்ப சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அண்ணி."