சுருதி காட்டிய செல்போன்

நடந்ததை ஒன்று விடாமல், உண்மையாகவே எழுதுகிறேன்.

மாதா கோயில் பாடற்குழுவில் இரண்டு மாதமாக நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். "உனக்குச் சுருதி நிக்கலம்மா, சத்தம் வராம பாடு" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இன்று மாலைப் பயிற்சிக்குக் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் வரவில்லை; காய்ச்சல். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "நான் போன்ல இருக்குற கீபோர்டுல வாசிக்கவா டீச்சர்?" என்றார். அக்கா மீன் விற்பவர்.

வாசித்தே விட்டார்! நான் அக்கா பக்கத்தில் ஓடிப் போய் நின்றேன்.

"எங்கேக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஏலத்துக்குப் படகு வர்ற வரைக்கும் துறைமுகத்துல சும்மாதானடி உக்காந்திருக்கேன்."

பிறகு எல்லோர் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்து, அடுக்கி, ஒரே பாட்டாக்கினார். என்னையும் விடாமல் சத்தமாகப் பாடவைத்தார். கேட்டால் ஓரிடத்தில் நெருடியது.

"யாரோ சுருதி தப்புறாங்க. இருங்க, போன்ல இருக்குற ஆப்பே காட்டிடும்" என்றார் அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் குரலுக்கு, போன் திரையில் சுருதி காட்டும் முள் நடுவிலேயே நின்றது. டீச்சர் குரலுக்கு ஓரத்துக்கே போய்விட்டது!

"புள்ள சரியாத்தான் பாடுது. நீங்கதான் டீச்சர், கொஞ்சம் மேல போயிட்டீங்க" என்றார் அக்கா, சிரிக்காமல்.

ஞாயிறு பூசையில் நான் சத்தமாகப் பாடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

டீச்சரிடம்தான் முதலில் கேட்டேன். "நேரமாயிடுச்சு, கெளம்புங்க" என்று விளக்கை அணைத்துவிட்டார்.