ரானுயிக்கு நாடு கடந்த பிரபு

தியாகலிங்கம் காலமான செய்தி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. தொலைபேசியில் அவருடைய மைத்துனர் குணரத்தினம். "எங்கட பிரபு போட்டார்" என்றார். எந்தப் பிரபு என்று நான் கேட்கவில்லை. ஒக்லாந்துத் தமிழரில் பிரபு ஒருவர்தான்.

மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை அவருக்கு. அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் தேநீர் நேரத்தில் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுவார். ஒரு பிரபு அரசனைப் பகைத்துக்கொண்டு, கோட்டையை விட்டுக் கடல் கடந்து பிரான்சில் போய் வாழ்கிறான். கடைசியில் திரும்பி வந்து மண்டியிடுகிறான், அரசன் மன்னிக்கிறான். தியாகலிங்கம் இதை யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்தாக எழுதிவிட்டார். "பாவாடை கட்டின ராசாவுக்கு எங்கட ஆட்டந்தான் பொருந்தும்" என்பார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டுப் பொங்கல் விழாவில் அதை மேடையேற்றினோம். பிரபு அவர். அரசன் குணரத்தினம், தியாகலிங்கத்தின் மனைவி ஆனந்தவல்லியின் அண்ணன். நாட்டிலிருந்து தங்கையையும் மைத்துனரையும் கூப்பிட்டு, மங்கரேயில் தன் வீட்டிலேயே வைத்திருந்தவர். அவரிடம் கேட்காமல் தியாகலிங்கம் நகரின் மறு கோடியில், ரானுயியில் வீடு வாங்கிக் குடிபோயிருந்தார். அரசர் மனதில் அது எவ்வளவு தைத்திருந்தது என்று மேடையில்தான் தெரிந்தது.

நாடு கடத்தும் காட்சியில் அரசருக்குப் பாட்டு மறந்தது. மறந்த இடத்தில் மனதில் கிடந்தது வந்தது.

"ரானுயியிலை வீடு வாங்கேக்கை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ? என்ர தங்கச்சியை அவ்வளவு தூரம் கொண்டுபோறீரோ?"

சபை சிரித்துக் கைதட்டியது. பிரபு வாளைக் கீழே வைத்தார்.

"கேக்கேல்லை, அரசே. நான் போறன்."

மேடையிலிருந்து இறங்கி, மண்டபத்தின் நடுவால் நடந்து, அட்டைக் கவசத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார். ஆனந்தவல்லியை மண்டபத்தில் விட்டுவந்தது வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம். கூத்து முடிந்தால் நடிகர் எல்லோரும் சேர்ந்து நின்று மங்களம் பாட வேண்டும். அன்று பாடவில்லை.

பிறகு நான்கு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. இடையில் தொலைபேசியோடு நின்றவர் ஆனந்தவல்லி.

"தங்கச்சி, பிரபுவுக்குச் சொல்லு, மண்டியிட்டால் மன்னிக்கலாம்."

"இஞ்சருங்கோ, மண்டியிடட்டாம்."

"அரசருக்கு முழங்கால் மடங்காதெண்டு கேள்வி. அவர் முதல் மடக்கிக் காட்டட்டும்."

"ரெண்டு பேருக்கும் விசர்."

இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்திச் சாப்பாடு போட வேண்டும். ஆனந்தவல்லி ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் பஸ் ஏறி மங்கரேக்குத் தனியாகப் போவார். பலகாரப் பெட்டியோடு தனியாகத் திரும்புவார். போன தீபாவளிக்குப் போகவில்லை. "மங்களம் பாடாமல் விட்ட கூத்து, அதுதான் இன்னும் நடக்குது. பாடி முடியுங்கோ, பிறகு வாறன்" என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு குணரத்தினம் ரானுயியில் மணியடித்தார். கதவைத் திறந்தவர் தியாகலிங்கம்.

"அரசர் வெளிநாடு வாறது வழமையில்லையே?"

"எல்லையிலை ஒருத்தரும் விசா கேக்கேல்லை. உள்ளை விடும், மச்சான்."

"நான் மண்டியிடோணுமோ?"

"முதல் சாப்பிடுவம். உமக்கும் எனக்கும் இருக்கிற முழங்காலுக்கு, மண்டியிட்டால் தூக்கிவிட ஆள் பிடிக்கோணும்."

அன்று பிட்டும் நண்டுக் கறியும். ஆனந்தவல்லி உட்காரவேயில்லை, பரிமாறியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வருகிற பொங்கலுக்குக் கடைசிக் காட்சியை ஆடி, மங்களமும் பாடுவது என்று தீர்மானித்தார்கள். ஆனால் முடிவை மாற்றினார்கள். பிரபு மண்டியிடமாட்டார், அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி அவரிடம் வருவார். அப்படியென்றால் சிம்மாசனத்துக்குப் படி வேண்டும். ஞாயிறு தோறும் ரானுயி வீட்டு கராஜில் இருவரும் பலகை அறுத்தார்கள். ஒருவர் அறுத்ததை மற்றவர் கோணல் என்றார்.

போன ஞாயிறு மேல்படி அடித்தாயிற்று. கீழ்ப்படிக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறது, இன்னும் ஆணி அடிக்கவில்லை.