ஈர மணலில் புதைத்தது

மூத்தவளே, சின்னவனே, இந்த வருஷமும் தீவுக்குப் போகலாமா என்று ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். கம்பெனி ஆட்களோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாக வாசியுங்கள்.

சின்னவனே, தீவுக்குப் போன அந்தத் தடவை உனக்குக் காய்ச்சல். நீயும் அம்மாவும் இங்கே நிக்டியில் நம் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள். அதனால் உனக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆகுர்டியில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில், எங்கள் உற்பத்தி லைனில் தமிழ் ஆட்கள் ஆறேழு பேர். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது போவோம். அந்த வருஷம் கொங்கண் கடற்கரை. கயாக்கில் துடுப்புப் போட்டுச் சின்னத் தீவு ஒன்றுக்குப் போய், கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் பக்கத்துத் தீவைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். கயாக் என்றால் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், ரெண்டு பேரும் துடுப்புப் போட வேண்டும்.

மூத்தவளே, உனக்குத் தண்ணீர் என்றாலே பயம். நீச்சல் குளத்தில் ஒரு தடவை மூழ்கி மூக்கில் தண்ணீர் ஏறியதிலிருந்து அப்படி. போகும்போது துடுப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்து வந்தாய். தீவில் இறங்கியதும், "நாளைக்கு நான் போடுறேன்பா" என்றாய். நீயாகச் சொன்னது. எனக்கு அந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தீவு நாங்கள் போகும்போதே அழகாக இல்லை. அலையாத்தி மரங்களில் சிப்ஸ் பாக்கெட்டுகள் காய்த்துத் தொங்கின. வேர்களுக்கு நடுவே பாட்டில்கள் கிடந்தன. "என்ன ஜனங்களோ" என்று எங்கள் ஆட்கள் முகம் சுளித்தார்கள். அதையும் மறக்க முடியவில்லை.

எங்கள் லைனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு ஸ்பேனரைக்கூட அதன் படம் வரைந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும். தரையில் மஞ்சள் கோடு உண்டு, ட்ராலி அதைத் தாண்டி நிற்கக் கூடாது. எண்ணெய்த் துணிக்கு ஒரு தொட்டி, இரும்புத் துகளுக்கு வேறு தொட்டி. சுத்தத்துக்கான கோப்பை எங்கள் லைனில்தான் நிற்கிறது. ஆனால் ஆடிட்டுக்கு முந்தின நாள் வேண்டாத சாமான்களையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவதும் எங்கள் வழக்கம்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சுத்தம்.

அன்று சாயங்காலமும் அதையே செய்தோம். பரோட்டாவும் கோழிக் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும், அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற எங்கள் லைன் லீடர், "குழி தோண்டிப் பொதச்சிருவோம்" என்றார். மேட்டில் வேரும் கல்லுமாக இருந்தது. தண்ணீர் ஓரத்து ஈர மணலோ வெட்ட வெட்ட வந்தது. அங்கேயே தோண்டினார்கள். கயாக் கொடுத்த மராட்டிக்காரர் போகும்போது, காய்ந்த பாசி கிடந்த கோட்டைக் காட்டித் தண்ணீர் அதுவரை ஏறும் என்று இந்தியில் சொல்லிவிட்டுத்தான் போனார். கூடாரங்களை அந்தக் கோட்டுக்கு மேலே கவனமாக அடித்தோம். குழிக்கும் அந்தப் பேச்சு பொருந்தும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

காலையில் நாற்றம்தான் எழுப்பியது. தண்ணீர் ஏறிக் குழியைக் கிளறிவிட்டு இறங்கியிருந்தது. தெர்மாகோல் தட்டுகள், கோழி எலும்பு, ஊறி வெளுத்த பரோட்டாத் துண்டுகள் எல்லாம் கரை நெடுக. கீழே மரத்தில் கட்டியிருந்த நம் கயாக்குக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. மூத்தவளே, உன் சீட்டில் ஒரு டயப்பர் தலையணை மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது. நீ பார்த்தாய். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய்.

"அண்ணாச்சி, எல்லாம் வெளிய வந்துருச்சு" என்றேன்.

அவர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். "அடுத்த தண்ணி வந்து அள்ளிட்டுப் போயிரும் தம்பி. கடலுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?"

"அந்த டயப்பர் உங்க பேத்தியோடது."

"அதுல பேரா எழுதியிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு மஞ்சக் கோடு போட்டுக் குடுங்கப்பா, அண்ணன் ஆடிட் பண்ணட்டும்" என்று என்னைக் காட்டிச் சொன்னான் ஒருத்தன்.

பிறகு அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்புப் பை ஒன்றை எடுத்து, கைக்கு எட்டியதை மட்டும் நிரப்பி, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் பையை மரத்தடியில் போட்டுவிட்டுக் கூடாரத்தைப் பிரிக்கப் போனார்கள்.

கூடாரங்களை ஏற்ற மோட்டார் படகு வந்தது. "நான் அதுல வந்துர்றேன்பா" என்றாய். சரி, இனி நீ ஜென்மத்துக்கும் தண்ணீர் பக்கம் வரமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தட்டால் டயப்பரை அள்ளி, அவர்கள் விட்டுப்போன கறுப்புப் பையில் போட்டேன். சீட்டைக் கழுவினேன். கரையில் கிடந்ததையும் முடிந்தவரை பொறுக்கி, பையைக் கட்டி, கயாக்கின் நடுவில் வைத்தேன்.

"அத எதுக்குப்பா எடுத்துட்டு வர்றீங்க?"

"விட்டுட்டுப் போகப் பிடிக்கல."

"நாறுதே."

"நாறத்தான் செய்யும்."

நீ மோட்டார் படகைப் பார்த்தாய். அதில் அண்ணாச்சி போட்டோவை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். "தனியா இவ்ளோ வெயிட்ட இழுக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாய்.

துடுப்பை ரெண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மூக்கைப் பொத்த மூன்றாவது கை கிடையாது. நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு வேகமாகப் போட்டாய், அதுவோ நம் நடுவிலேயே உட்கார்ந்து வந்தது. பக்கத்துத் தீவைச் சுற்றவில்லை. தண்ணீர் முகத்தில் தெறித்தபோது நீ கையைக்கூட எடுக்கவில்லை.

கரையில் ஒரு குப்பைத் தொட்டிகூட இல்லை. வேனில் பை ஏறியதற்கு வழி நெடுகப் பேச்சு வாங்கினேன். திங்கட்கிழமை கம்பெனி நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோ இருந்தது, 'தீவில் தூய்மைப் பணி' என்று மராட்டியில் தலைப்புப் போட்டு. இன்னும் இருக்கிறது. கேண்டீனுக்குப் போகும்போது நான் சுற்று வழியில் போகிறேன். நாம் நாலு பேரும் மட்டும் என்றால் நாளைக்கே கயாக் போடலாம். அவர்களோடு வேண்டாம்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. வீடு திரும்பிய அன்று, மூத்தவள் குளிக்கப் போனதும் நான் பையோடு கீழே இறங்கினேன். ஈரக் குப்பை தனி, காய்ந்தது தனி என்று பிரிக்காவிட்டால் காலையில் வருகிற வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். பார்க்கிங்கில் குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எலும்பையும் பரோட்டாவையும் ஒரு வாளியிலும் தட்டுகளை இன்னொன்றிலும் போட்டேன். டயப்பரைப் பழைய பேப்பரில் சுற்றினேன். கை வைத்து அள்ளுகிறவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியட்டும் என்று, நம் பில்டிங்கில் சொல்லியிருக்கிற மாதிரி, அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு வைத்தேன்.