ஸ்லேஷ் இல்லாத பெயர்

"சுவிட்ச அமத்துங்க மிஸ்! லோரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது!"

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. லோரி எடைபோடும் கம்ப்யூட்டர் முடங்கிவிட்டதென்று ரவாங்கிலிருந்து, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என்னை வரவழைத்த பெரிய கிராணிதான், அதாவது தலைமைக் குமாஸ்தாதான், இப்படிக் கத்தினார். பக்கத்தில் டைப் அடிக்கும் லெட்சுமி, அழுது வீங்கிய முகம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இவ எதையோ தட்டிட்டா. மேனேஜர் வந்ததும் சீட்டு கிழிஞ்சிரும்."

"சத்தியமா டிரைவர் பேரதான்க்கா அடிச்சேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அமர்த்தினால் காலையிலிருந்து போட்ட எடையெல்லாம் போகும். யார் தப்பு என்பதும் சேர்ந்து போகும். பழி மட்டும் அவள் தலையில் நிற்கும்.

அவள் டெர்மினலில் கண்ட்ரோல்-ஒய் தட்டினேன். புரோகிராம் அப்படியே நிற்கும், சாகாது. அந்த நேரம் வேறொரு புரோகிராமை ஓட்டினால் தொலைந்தது, நிற்பது அழிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு 'டீபக்' என்று மட்டும் அடித்தேன். நிற்கும் புரோகிராமின் உள்ளே எட்டிப்பார்க்கும் டீபக்கர் போய் ஒட்டிக்கொண்டது. எந்த வரியில் நிற்கிறாய் என்று கேட்டேன். பெயரைப் பிரிக்கும் லூப், திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. என்ன பெயர்? லிம் ஆ செங்.

அட கடவுளே! நம் ஆட்கள் பெயரில் நடுவே 'ஏ/எல்' இருக்கும், இன்னார் மகன் என்று. அந்த ஸ்லேஷைத் தேடித்தான் புரோகிராம் அப்பா பெயரைப் பிரிக்கும். செகிஞ்சானிலிருந்து முதல்முறை வந்த சீன டிரைவர் ஸ்லேஷுக்கு எங்கே போவார்? புரோகிராமும் பாவம், முதலிலிருந்து கடைசி வரை, மறுபடி முதலிலிருந்து என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எல்லார் பேர்லயும் ஸ்லேஷ் இருக்கும்னு எழுதினவருக்கு யார் சொன்னது?"

கிராணி தொண்டையைக் கனைத்தார். "நான்தான். நம்ம ஆளுங்கதானே லா ஓட்டிக்கிட்டிருந்தாங்க..."

டீபக்கரிலேயே 'லிம்'முக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் ஒரு ஸ்லேஷைப் போட்டு, தொடர்ந்து ஓடச் சொல்லி 'கோ' கொடுத்தேன். ஒரு எடையும் அழியாமல் டிக்கெட் வந்தது. பெயர் லிம், அப்பா ஆ செங்.

டிரைவர் அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துத் தமிழில் சிரித்தார். "லிம் குடும்பப் பேரு, ஆ செங்தான் நான். என்னையே எனக்கு அப்பனாக்கிட்டீங்களே லா!"

லெட்சுமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "சுவிட்ச அமத்தியிருந்தா, அக்கா?"

"லோரியெல்லாம் போயிருக்கும். வேலைய விட்டு நீயும் போயிருப்ப."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடங்கி நிற்பதை உடனே கொன்றுவிடாதீர்கள். எங்கே நிற்கிறாய் என்று கேளுங்கள், சொல்லும். லெட்சுமியும் காலையிலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்கத்தான் ஆளில்லை.