ஏரிக்கு மேலே ஒரு ஜெட் பேக்

முதுகில் ஜெட் பேக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் கடலுக்கு மேலே பறக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஏரிக்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் அண்ணனிடம் ஓடிப்போய், இதில் மீன்பிடிக்கப் போகலாமே என்று போனை நீட்டினேன்.

"எம்மா நேரம் பறக்கும்?" என்றார்.

"பத்து நிமிஷம்னு போட்டுக்கிறான் மச்சான்."

"மீன் கூடைய எங்க வெப்ப மாப்ள?"

இடமில்லைதான். வலையைத் தூக்க முடியாது, கூட ஓர் ஆளை ஏற்ற முடியாது. நடு ஏரியில் எண்ணெய் தீர்ந்தால் துடுப்புப் போட்டும் வர முடியாது. ஆனாலும் நான் விடவில்லை.

"எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேந்துடலாமே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடி போயி இன்னா பண்றது? பாடு நம்மளுதா இருக்கணுமே."

எங்கள் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். முறை வராதவன் ராக்கெட்டில் போய் இறங்கினாலும் வேடிக்கைதான் பார்க்கலாம். இதை மறந்து வேகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஒரே மீனவன் நானாகத்தான் இருப்பேன்.

மச்சான் வீடியோவை மறுபடியும் ஓடவிட்டார். முகம் மலர்ந்தது.

"ஒரு வேலைக்கு ஆவும் மாப்ள. போன மாசம் எங்க பாடுல எவனோ திருட்டுத்தனமா வலை போட்டான் இல்ல? மேலேர்ந்து பாத்தா அவன கண்டுபுடிச்சிடலாம். ஊர்ல சொல்லி ஒண்ணு வாங்கிடலாமா?"

அந்த எவனோ நான்தான்.

"நம்ம ஊரு காத்துக்கு அதெல்லாம் தாங்காது மச்சான்" என்று போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.